படுகை மூங்கிலில் நாற்காலி, தரிசுப் பயற்றில் முளை: இரண்டையும் ஒரே வீட்டில் செய்ய முடியுமா?

கேள்வி – கொள்ளிடக்கரைக்காரி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இருக்கிறோம். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே உள்ள படுகையில், என் மாமனார் காலத்திலிருந்து பட்டாவில் இருக்கும் அரை ஏக்கரில், பதினொரு மூங்கில் புதர்கள் நிற்கின்றன. அத்தனையும் முள் மூங்கில். கரைக்கு இப்புறம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பாக, ஈரம் காயாத வயலில் ஆடுதுறை 3 ரகப் பச்சைப்பயற்றைத் தெளித்துவிடுவோம்; தரிசுப் பயறு என்பது இதுதான். ஆக, மூங்கிலும் பயறும் நாங்கள் விலை கொடுத்து வாங்காமல் கைக்கு வருபவை. இவற்றை அப்படியே வியாபாரிக்குக் கொடுக்காமல், பொருளாக்கி விற்கலாம் என்று முயன்றோம்.

என் கணவர் திருப்பூரில் பதினான்கு ஆண்டுகள் மரத்தச்சு வேலை பார்த்தவர். சென்ற சித்திரையில் புதரின் ஓரத்தில் எளிதாக வெட்ட முடிந்த பச்சைக் கழிகளை வெட்டி, வெயிலில் பத்து நாள் கிடத்தி, மூன்று நாற்காலிகளும் ஒரு டீப்பாயும் செய்தார். ஆணி அடித்த இடங்களில் பாதி பிளந்துவிட்டது. கம்பி சுற்றிச் சரிசெய்தோம். ஒரு நாற்காலி ஊர் டீக்கடைக்கு விலைபோனது. நான்காம் மாதம், காலையில் கூட்டும்போது நாற்காலிக் காலடியில் கோலமாவு சிந்தியதுபோல வெளிர் மஞ்சள் பொடி கிடந்தது. துடைத்தால் மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. டீக்கடையில் விற்றதும் அவ்வாறே ஆகி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

பயற்றில் எனக்கு நேர்ந்தது வேறு. தை, மாசி மாதங்களில் மூன்று கிலோ பயற்றை ஊறவைத்து, ஒரே வேட்டித் துணியில் இறுக்கிக் கட்டி முளைகட்டி, பொட்டலமாகக் காய்கறிக் கடைகளுக்குக் கொடுத்தேன், நன்றாகவே போயிற்று. பங்குனி பிறந்ததும் மூட்டையின் நடுவே பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வரத் தொடங்கின. தொடர்ந்து நான்கு நாள் முழுவதையும் மாட்டுக்குக் கொட்டிவிட்டு நிறுத்திவிட்டேன்.

பொடி உதிர்வதை எப்படித் தடுப்பது, கோடையில் முளையை எப்படிக் காப்பது என்பவை என் இரண்டு கேள்விகள். மூன்றாவது கேள்வி கணவருடையது. மூங்கிலை மருந்து நீரில் ஊறவைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். கொல்லையில் கிணற்றடியில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது; அதை மூங்கிலுக்கும் பயற்றுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்கிறார். செய்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி – கூடலூர்ப் பட்டறை

சகோதரி, முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மூங்கில் மருந்து ஊற்றிய தொட்டியில், எத்தனை முறை கழுவினாலும், உண்ணும் பொருளை ஊறவைக்கக் கூடாது. சிமெண்ட் நீரை உறிஞ்சும். உறிஞ்சியதைப் பிறகு கசியவிடும். அந்தத் தொட்டியை மூங்கிலுக்கென்றே விட்டுவிடுங்கள். கிணற்றடியில் இருப்பதால் அடியிலும் பக்கத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பூசிய பிறகே மருந்து ஊற்ற வேண்டும். பூசியும் கசிவு நிற்கவில்லை என்றால், கிணற்றிலிருந்து தள்ளி ஒரு நீளக்குழி வெட்டி, தடித்த தார்ப்பாய் விரித்துக்கொள்வது மேல்.

இனி அந்தப் பொடி. அது மூங்கிலைத் துளைக்கும் உளு வண்டின் வேலை. அரிசி மணியளவுகூட இல்லாத அந்த வண்டு மூங்கிலுக்குள் தேடி வருவது கழியில் தங்கியிருக்கும் மாவுச்சத்தை. மூங்கிலின் மேல்தோல் கடினமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால், அது பெரும்பாலும் அறுத்த முனைகள், கிளை சீவிய தழும்புகள், ஆணித்துளைகள் வழியாகத்தான் நுழைகிறது. உங்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவான துளைகள் கால் முனையில் கூட்டமாக இருக்கும். அந்த நாற்காலிகளை இனி விற்காதீர்கள். புதிய கழிகளை அடுக்கும் இடத்தின் அருகிலும் வைக்காதீர்கள்.

நீங்கள் வெட்டிய காலமும் கழியின் வயதும் இரண்டுமே வண்டுக்குச் சாதகமாக அமைந்துவிட்டன. மழை தொடங்கியதும் குருத்து விடுவதற்காக, அதற்கு முந்தைய கோடை மாதங்களில் மூங்கில் தன் தண்டில் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும். குருத்து வளர்ந்து கழியான பிறகு அந்தச் சேமிப்பு வற்றியிருக்கும். எனவே சித்திரை, வைகாசியில் வெட்டியது வண்டுக்கு நிறைந்த களஞ்சியம். எங்கள் பட்டறைக்கு மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் வெட்டிய கழிகளை மட்டுமே எடுப்போம். உங்கள் ஊரிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து படுகையில் இறங்க முடிகிற காலம் அதுதான்.

வயதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மரத்தச்சு தெரிந்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மூங்கில் கழி ஒரே பருவத்தில் தன் முழு உயரத்தையும் பருமனையும் அடைந்துவிடும்; அதன்பின் பருக்காது, உள்ளுக்குள் முற்றத்தான் செய்யும். ஆகவே பருமனைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கணுவில் உறை ஒட்டிக்கொண்டும், தோலில் விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டும் இருந்தால் அது அந்த ஆண்டுக் கழி. பளபளவென்று பச்சையாக இருப்பது இரண்டாம் ஆண்டு. பச்சை மங்கி, மேலே சாம்பல் நிறப் பூஞ்சைத் திட்டுகள் படர்ந்து, அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் ‘டங்’ என்று கனத்த ஓசை தருவதே மூன்று நான்கு ஆண்டு முற்றிய கழி. நாற்காலிக்கு அதுதான் வேண்டும். நீங்கள் ஓரத்தில் எளிதாக வெட்டியவை அநேகமாக இளங்கழிகள். மூங்கில் புதர் வெளிப்புறமாகப் பரவுவதால், முற்றியவை நடுவில்தான் நிற்கும். முள் மூங்கிலில் நடுவுக்குப் போவது கடினம் என்பது உண்மைதான். ஒரு பக்கம் முள்ளைக் கழித்து, குதிரை லாட வடிவில் வழி திறந்து உள்ளே போய் வெட்டினால், வெளிச்சுற்றில் உள்ள இளங்கழிகளுக்கும் கேடு வராது. தரைக்கு மேல் முதற்கணுவை விட்டு, அந்தக் கணுவை ஒட்டியே அறுங்கள். கணுவுக்கு மேலே குழலாக விட்டால் அதில் மழைநீர் தேங்கித் தூர் அழுகும்.

வெட்டிய கழிகளின் கணுத்தடுப்புகளை நீண்ட இரும்புக் கம்பியால் உட்புறமாகக் குத்தித் திறந்துவிட்டு, மருந்து நீர் உள்ளேயும் புகும்படி முழுவதும் அமிழ்த்த வேண்டும். நாங்கள் 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ வெண்காரமும் (போராக்ஸ்) 2 கிலோ போரிக் அமிலமும் கலக்கிறோம். வெந்நீரில் கரைத்து ஊற்றினால் கட்டி தங்காது. முழுக்கழிக்குப் பத்து நாள், பிளந்த பட்டைக்கு மூன்று நான்கு நாள் போதும். கழிகள் மிதக்கும், மேலே கல் ஏற்றுங்கள். கையுறை அணியாமல் தொட்டியில் கைவிட வேண்டாம். இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால், இப்படிச் செய்த நாற்காலியை வீட்டுக்குள் போடுவதற்கென்றே சொல்லி விற்க வேண்டும். நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். வாய்க்காலில் மட்டும் திறந்துவிடாதீர்கள்.

பணம் இல்லாத காலத்தில் எங்கள் தந்தையார் செய்தது, கழிகளைக் கட்டி ஓடையில் ஒரு மாதம் அமிழ்த்திவைப்பது. மாவுச்சத்து நீரில் கரைந்து போகும், வாடை தாங்காது, நிறமும் கறுக்கும். ஆனாலும் வண்டு குறையும். கொள்ளிடத்தை அருகில் வைத்திருக்கும் உங்களுக்கு இது செலவில்லாத வழி. அதன் பிறகு மருந்து நீரிலும் போட்டெடுத்தால் நான் நிம்மதியாக விற்பேன்.

வெயிலில் கிடத்துவது கூடாது. ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருக்கும்போதுதான் கழி நீளவாக்கில் வெடிக்கிறது. காற்றோட்டமான நிழலில், நிறுத்தி, வாரம் ஒருமுறை திருப்பி வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் காயவிடுங்கள்.

வேலைமுறையில் உங்கள் கணவர் மரத்தை மறந்தாக வேண்டும். மரத்தில் ஆணி இழைகளைத் தள்ளிக்கொண்டு அமரும். மூங்கிலில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் ஆணி ஆப்பாக மாறிப் பிளந்துவிடும். எப்போதும் முதலில் டிரில்லால் துளையிட்டு, முற்றிக் காய்ந்த மூங்கிலிலேயே சீவிய ஆணியை அடிக்க வேண்டும். குறுக்குக் கழியின் முனையை, அது போய் அமரும் கழியின் வளைவுக்கு ஏற்ப அரைவட்டமாகக் குடைந்து, இடைவெளி தெரியாமல் பொருத்தி, உள்ளே ஆணி கொடுத்து, வெளியே ஊறவைத்த பிரம்புப் பட்டையால் இறுக்கிச் சுற்றுங்கள்; பிரம்பு காயக் காய இன்னும் இறுகும். கால்களை அறுக்கும்போது, தரையைத் தொடும் முனையிலிருந்து ஒரு விரற்கடைக்குள் கணு வரும்படி அறுத்தால், கால் பிளக்காது. முள் மூங்கிலின் அடிப்பகுதியில் சுவர் தடிப்பாக இருக்கும். அதைக் காலுக்கு வைத்துக்கொண்டு, மெல்லிய மேற்பகுதியைப் பிளந்து இருக்கைப் பட்டைக்குப் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் நாற்காலி வேண்டாம். முக்காலியும் சுவர் அலமாரியும் போதும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. பட்டா நிலத்தில் உள்ளதை நீங்கள் வெட்டலாம். ஆற்றுக்கரைப் புறம்போக்கில் நிற்பதை வெட்டக் கூடாது. உங்கள் படுகையின் எல்லைக் கல்லை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் கணவர் ஒருமுறை வயநாட்டில் திருக்கைப்பற்று ஊருக்குப் போய்வரட்டும். அங்கு 1996 முதல் ‘உறவு’ என்ற அமைப்பு மூங்கில் கைவேலைப் பயிற்சியை நடத்திவருகிறது. பொருத்துகளைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வதுபோல எழுத்தில் சொல்ல முடியவில்லை.

மறுமொழி – புந்தோங்வாசி, ஈப்போ

அம்மா, வணக்கம். நான் மலேசியாவில் ஈப்போவுக்கு அருகில் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வட்டாரம் நம்மவர்களின் கச்சான் பூத்தே என்ற கடலை நொறுக்குத்தீனிக்கு எவ்வளவு பெயர்பெற்றதோ, அவ்வளவு தவுகே என்ற நீளமான பயற்று முளைக்கும் பெயர்பெற்றது. பள்ளி விடுமுறைகளில் பக்கத்துச் சீனக் குடும்பத்தின் தவுகேக் கொட்டகையில் நீர் ஊற்றும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் செய்வதும் நாங்கள் செய்வதும் ஒரே பயற்றில் பிறந்தாலும் இரண்டு வெவ்வேறு சரக்குகள். உங்களது வால் அளவே முளைத்த பயறு. ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ, மிஞ்சினால் இரண்டரை கிலோ வரும். தவுகே என்பது ஐந்து, ஆறு நாள் இருட்டில் வளர்ந்த விரல்நீள வெண்தண்டு. ஒரு கிலோ பயறு ஏழெட்டு கிலோவாகும். எடையைக் கேட்டு மனம் அதன் பக்கம் சாயும். ஆனால் அந்த ஏழெட்டு கிலோவில் பெரும்பகுதி நீர்தான்; அந்த நீரை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், யாராவது எழுந்து ஊற்றியாக வேண்டும்.

நீர் ஊற்றுவது பயற்றின் தாகத்துக்காக மட்டுமன்று, சூட்டைத் தணிப்பதற்காகவும்தான். முளைக்கும் பயறு மூச்சுவிடுகிறது. மூச்சுவிடும்போது வெப்பம் வெளியிடுகிறது. கொட்டகையில் என்னை வேலைக்கு வைத்த முதியவர் முதல் நாள் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: பீப்பாய்க்குள் முழங்கை வரை கையை நுழைத்து நடுவில் நிறுத்து, கை குளிர்ந்தால் போகலாம், வெதுவெதுப்பாக இருந்தால் உடனே நீர் ஊற்று. உங்கள் வேட்டி மூட்டையின் நடுவே நேர்ந்தது அந்த வெதுவெதுப்புதான். மூன்று கிலோவை ஒரே உருண்டையாகக் கட்டினால், மாசிக் குளிரில் தப்பித்தது பங்குனி வெயிலில் தானே வெந்துபோகிறது.

ஆகையால் கோடையில் அளவைக் குறைத்து, மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு, அடியில் துளையிட்ட அகலத் தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஈரத்துணி மூடி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கிணற்றின் குளிர்ந்த நீரைத் தெளித்து முழுவதும் வடியவிடுங்கள். ஊற்றிய நீர் அடியில் தேங்கினால் ஊற்றாததைவிடக் கேடு.

தவுகே முயல விரும்பினால் ஒரு வாளியில் ஒரு கிலோவுக்கு மேல் தொடங்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும். மேலே ஒரு பலகையும் அதன்மேல் எடையும் வைப்பார்கள். அழுத்தத்தில் பயறு எத்திலீன் என்ற வாயுவைச் சுரக்க, தண்டு நீளாமல் பருக்கிறது. ஈப்போத் தவுகே குட்டையாகவும் பருமனாகவும் இருப்பதற்கு கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் நீரே காரணம் என்று இங்கு எல்லோரும் சொல்வோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் இரவு எழுந்து நீர் ஊற்றிய கைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பார்த்தவன் நான்.

மறுமொழி – கும்பகோணம் பயறுக்காரி

அக்கா, நான் ஒன்பது ஆண்டுகளாக முளைப்பயறு விற்கிறேன். முன்னவர் சொன்னவற்றோடு பயற்றைத் தேர்ந்தெடுப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பயறு என்பதால் ஒரு பெரிய அச்சம் நீங்கிவிட்டது: விதைப்பதற்காக மருந்து கலந்து விற்கும் பயற்றை ஒருபோதும் முளைகட்டக் கூடாது. அறுவடையில் முளைப்புக்கென ஒதுக்குவதை நன்கு காயவைத்துத் தனியே மூடி வையுங்கள். பயறு வண்டு துளைத்தது முளைக்காது, அழுகி மற்றதையும் கெடுக்கும். ஊறிய பிறகும் கல்லாகவே இருக்கும் பயற்றைப் பொறுக்கிவிட வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்குப் பல் உடைந்து, அவர் கடைக்காரரிடம் பேசிய பேச்சை நான் இன்றும் மறக்கவில்லை.

தூய்மையை மிகக் கண்டிப்பாகப் பாருங்கள். முளை வளர ஏற்ற ஈரமும் சூடும் நோய்க்கிருமி வளரவும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கழிப்பறைத் தொட்டிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அருகிலுள்ள கிணற்று நீர் என்றால் குளோரின் கலந்தோ கொதிக்கவைத்து ஆற்றியோதான் பயன்படுத்த வேண்டும். துணியை நாள்தோறும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். முளை வேண்டிய அளவு வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து வளர்ச்சியை நிறுத்திவிடுங்கள். பொட்டலத்தில் தேதி எழுதி, ஆவியில் வேகவைத்து உண்ணும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகருக்கான அடிப்படைப் பதிவையும் செய்துகொள்ள வேண்டும். அந்த எண் இல்லாமல் விடுதிகளும் உணவகங்களும் வாங்கமாட்டா.

காய்கறிக் கடையை நம்பியிருந்தால் விற்காதது உங்கள் தலையில்தான் விழும். நான் இரண்டு மாணவர் விடுதிகளுக்கு, கிழமை பேசி, முன்கூட்டியே சொன்ன அளவுக்கே ஊறவைக்கிறேன்.

கொள்ளிடக்கரைக்காரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கூடலூர் ஐயா சொன்னபடியே கால் முனைகளில் துளைகள் இருந்தன, ஒரு காலில் மட்டும் இருபத்து மூன்று எண்ணினேன். தொட்டி இனி மூங்கிலுக்கு மட்டும் என்று முடிவாகிவிட்டது. அதன் அடியில் ஒரு வெடிப்பு இருந்ததைக் கணவர் பூசிக்கொண்டிருக்கிறார். பயற்றுக்கு வீட்டின் முன்பக்கத் தாழ்வாரத்தை ஒதுக்கி, எவர்சில்வர் பாத்திரங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இப்போது தோன்றும் கவலை நேரத்தைப் பற்றியது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் தெளிக்க வேண்டுமென்றால், மூங்கில் வெட்டும் நாட்களில் இருவரும் படுகைக்குப் போக முடியாதே? முள் கழிக்க ஓர் ஆளால் ஆகாது.

கூடலூர்ப் பட்டறை

உங்கள் பதினொரு புதர்களில் ஆண்டுக்கு ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு நாள் வெட்டினால் போதும். முற்றிய கழிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓர் ஆண்டில் எடுக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் முளைப்பயற்றை நிறுத்திவிட்டு, வாங்குபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மற்ற மாதங்களில் மூங்கில் காத்திருக்கும். காய்ந்து நிழலில் நிற்கும் கழி உங்களை அவசரப்படுத்தாது. நீர் தெளிக்கும் இடைவெளிகளில் பட்டை சீவலாம், பிரம்பு சுற்றலாம். முளைதான் உங்கள் அன்றாடத்தின் கடிகாரம், மூங்கில் வேலை அதற்கு இடையில் வருவது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வீட்டில் நடக்கும். நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் மட்டும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வயதை ஒவ்வோர் ஆண்டும் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மழை ஓய்ந்ததும் ஒரு நாள் படுகைக்குப் போய், இந்த ஆண்டு முளைத்த கழிகளில் கைக்கு எட்டும் கணுவுக்கு மேலே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த ஆண்டு முளைப்பவற்றுக்கு மஞ்சள், அதற்கடுத்த ஆண்டு வெள்ளை. நான்காம் ஆண்டு மார்கழியில் சிவப்புக் கோடு போட்டவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். அதுவரை சாம்பல் திட்டுப் படர்ந்தவற்றை மட்டும் தொடுங்கள். புதர்களில் எதிலாவது பூ தென்பட்டால் உடனே எழுதுங்கள். முள் மூங்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒருமுறை பூத்து, மூங்கிலரிசி உதிர்த்துவிட்டுப் புதரோடு காய்ந்துவிடும். உங்கள் மாமனார் அவற்றை எப்போது நட்டார், நட்டது கன்றா கிழங்கா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

கொள்ளிடக்கரைக்காரி

மாமியாரிடம் கேட்டேன், ஐயா. என் கணவர் பிறந்த ஆண்டு ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு, பக்கத்துப் படுகையிலிருந்து கிழங்கோடு பெயர்த்து நட்டார்களாம். அவருக்கு இப்போது 41 வயது.

கூடலூர்ப் பட்டறை

கிழங்கோடு பெயர்த்து நட்டது என்றால், வயதைத் தாய்ப்புதரிலிருந்து எண்ண வேண்டும். நட்ட ஆண்டிலிருந்து எண்ணக் கூடாது. பக்கத்துப் படுகையில் அந்தத் தாய்ப்புதர் இன்னும் பச்சையாக நிற்கிறதா, பூத்துக் காய்ந்துவிட்டதா என்று நாளையே போய்ப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் இந்த மழையிலேயே, வேறு விதையிலிருந்து வந்த கல்மூங்கில் கன்றுகள் சிலவற்றைப் படுகையின் மேட்டுப் பகுதியில் நட்டுவையுங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் கன்றுகளைப் பற்றி விசாரிக்கலாம். இவை வெட்டும் பருவத்துக்கு வரும்வரை உங்கள் பழைய புதர்கள் தாங்கும் என்றே நம்புகிறேன்.